குரூப் 4 கணக்கில் என்னைக் கவிழ்த்தது வாய்ப்பாடுதான்

நேத்து ரிசல்ட். ரேங்க் சொன்னதும் அம்மா தறியை நிறுத்திட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்துட்டாங்க. போன தடவை இதே ரிசல்ட்டுக்கு நான் வீட்டுக்கே போகாம குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுல கிடந்தேன். அதனால கொஞ்சம் காட்டமாத்தான் எழுதுவேன்.

போன தடவை 25 கணக்குல 14தான் சரி. சூத்திரமெல்லாம் அத்துப்படி. ஒரு கணக்கு மட்டும் இன்னும் உறுத்துது. ஏ ஒரு வேலையை 12 நாள்ல, பி 18 நாள்ல முடிப்பாங்க. 3 நாள் சேர்ந்து செஞ்சதும் ஏ விலகிட்டா, மீதிக்கு பிக்கு எத்தனை நாள்? மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) தேடி, பின்னம் கூட்டி, 36/5 வந்தப்ப ஏ விலகினதே ஞாபகத்துல இல்ல. விடையில 7 1/5 இருந்துச்சு. நிரப்பிட்டு வந்துட்டேன். வேலை 36 பங்கு; நாளுக்கு 3ம் 2ம்; 3 நாள்ல 15 போக மீதி 21; பிக்கு 10½ நாள். அவ்ளோதான் கணக்கு!

மனசுல ஒரே நேரத்துல நிக்கிறது சுமார் நாலு விஷயம்தான்னு உளவியல் ஆய்வாளர் நெல்சன் கோவன் 2001ல எழுதினார். வாய்ப்பாடு சட்டுன்னு வராததால என் நாலையும் மீ.சி.ம.வே தின்னுடுச்சு, கேள்வி வெளியே போயிடுச்சு. எங்க மாமா மளிகைக் கடையில ஊர்க்கதை பேசிக்கிட்டே ஆறரை கிலோ வெங்காயம், கிலோ 28ன்னா 182ன்னு சொல்வார். எப்படின்னு கேட்டா, "இதுல இன்னாடா யோசிக்க இருக்கு?" பழகினது இடம் அடைக்காது.

நான் செஞ்சது:

- வாய்ப்பாடு 20 வரை, வர்க்கம் 30 வரை, 1/8 = 12.5%, 1/16 = 6.25% வகையறா. தினமும் வேலூர் பஸ்ல, பள்ளிகொண்டா வர்றதுக்குள்ள ஒரு ரவுண்டு.
- வரிசையா ஒப்பிக்காதீங்க. 17×8க்கு 17×1லேர்ந்து ஓடினா வீண். கலைச்சுக் கேட்டதும் 136 விழணும். இதுக்கே எனக்கு நாலு மாசம்.
- கேள்வியோட கடைசி வரிக்கு முதல்ல அடிக்கோடு.
- இடையில வர்ற எண்ணை எழுதுங்க, தலையில சுமக்காதீங்க. பயம் வேற அங்கேயே வந்து உட்காரும்.

ஷார்ட்கட் நோட்டை நம்பாதீங்க. காசு கொடுத்து வாங்கின என் நண்பன், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டதும் முழிச்சான்.

இந்தத் தடவை 24. விட்டது கடிகாரக் கணக்கு. அது எனக்கு இப்பவும் வராது, அதை வேற யார்கிட்டயாவது கேளுங்க.