மணப்பாட்டுக் கடலில் கயாக்கும் தூண்டிலும்

பிப்ரவரி 15, 2025, சனி

வாடைக்காற்று தணிந்துவிட்டது. விடியுமுன் கரைக்காற்று மெல்ல வீசுகிறது. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் கடலுக்குள் நீளும் முனை தெற்கு அலையை மறிப்பதால் உள்பக்கம் தண்ணீர் அடங்கிக் கிடக்கிறது. சூரியன் எழுவது 6.35 வாக்கில். கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு, 6 மணிக்குள் இறங்கினால்தான் அந்த முதல் வெளிச்சம் கிடைக்கும். பாரை மீன் இரை தேடிக் கரைக்கு நெருங்குவது அப்போதுதான். ஆனால் இரவு மீன்பாடு முடித்து ஃபைபர் படகுகள் திரும்பும் நேரமும் அதுவே. தண்ணீரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஆளை அவர்களால் பார்க்க முடியாது. தலையில் வெள்ளை விளக்கும், பின்பக்கம் ஒரு மீட்டர் கம்பில் ஆரஞ்சுக் கொடியும் கட்டாயம்.

மேலே உட்கார்ந்து ஓட்டும் 12 அடிக் கயாக் இந்தக் கடலுக்குப் போதும். கட்டுமரத்தில் போல, ஏறிய தண்ணீர் துளைவழி தானே வடிந்துவிடும். ஆனால் கட்டுமரம் முழுக்கக் கட்டை. கயாக் உள்ளே வெற்றிடம். பின்னால் உள்ள வடிகால் அடைப்பான் தளர்ந்திருந்தால் சத்தமில்லாமல் நிரம்பும். உள்ளே புகுந்த தண்ணீர் சாயும் பக்கமே ஓடிச் சேர்ந்து மேலும் சாய்க்கும், அப்படியே கவிழ்த்துவிடும். மணலிலேயே அடைப்பானைத் திருகிப் பார்த்துவிட வேண்டும்.

விளமீனுக்கு 4/0 அளவு வட்டத்தூண்டில் (முனை உள்நோக்கி வளைந்த முள்), இரையாகப் பாதிச் சாளை மீன். வட்டத்தூண்டிலில் வெடுக்கென்று வெட்டி இழுக்கக் கூடாது. மீன் தானே திரும்பி ஓடும்போது வாயோரத்தில் மாட்டும். இரை மட்டும் காணாமல்போய், தங்கூசி (தூண்டில் நரம்பு) சுத்தமாக நறுக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் பேத்தை மீன்தான். அந்த இடத்தைவிட்டு நகர்வதே நல்லது. பேத்தை ஏறினால் கடலிலேயே விட்டுவிடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. கூர்ப்பல் கொண்ட ஊளி மீன் திரியும் இடத்தில் தூண்டிலுக்கு மேலே தங்கூசிக்குப் பதில் ஒரு சாண் கம்பி வேண்டும்.

பெரிய பாரை படகுக்கு அடியில் மறுபக்கம் பாய்ந்தால் தூண்டில் கம்பை உயர்த்திப் பிடிக்கக் கூடாது. கம்பு ஒடியும், இல்லையேல் ஆள் சாய்வார். நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அணியத்தை (படகின் முன்முனையை) சுற்றி அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். பிறகு பாரையே படகை இழுத்துக்கொண்டு போகும். இழுக்கட்டும், சீக்கிரம் களைக்கும்.

மார்ச் 1, 2025, சனி

அமாவாசை ஒட்டிய நாள். இங்கே ஏற்றவற்றம் (கடல்மட்டம் ஏறி இறங்குவது) ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனாலும் பார் (கடலடிப் பாறை) ஓரத்தில் நீவாடு, அதாவது நீரோட்டம், இழுப்பது துடுப்பில் தெரியும். கரையில் வலை உதறுகிறவரிடம், "அண்ணாச்சி, நீவாடு எங்கன இழுக்குது?" என்று கேட்டுவிட்டு இறங்குவது எந்தச் செயலியைவிடவும் மேல்.

இழுப்பு இருக்கும் நாளில் நங்கூரம்தான் ஆளைக் கொல்லும் பொருள். பக்கவாட்டில் கட்டினால் நீவாடு கயாக்கைக் குறுக்கே திருப்பி அந்தப் பக்கத்தை அமுக்கிவிடும். அணியத்திலோ பின்முனையிலோ மட்டுமே கட்ட வேண்டும். ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம், 6 மி.மீ. கயிறு, ஆழத்தைப் போல மூன்று நான்கு மடங்கு விட வேண்டும், 6 மீட்டர் ஆழமானால் 20 மீட்டருக்குக் குறையாமல். பாரில் கொளுவினால் எடுக்க ஒரு வழி: கயிற்றை நங்கூரத்தின் அடிப்பக்கம் முடிந்து, தண்டின் மேல் வளையத்தில் மெல்லிய கேபிள் டை ஒன்றால் மட்டும் பிடித்துவைக்க வேண்டும். பலமாக இழுத்தால் டை அறுந்து, நங்கூரம் தலைகீழாகப் புரண்டு வெளியே வரும். அதுவும் வரவில்லையென்றால் கயிற்றை வெட்டிவிடலாம். கத்தி மிதவை அங்கியின் மார்பில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை. ஏதாவது ஆனால் கயிறு போட்டு இழுக்க அன்று படகு இராது. ஞாயிறு வேண்டாம்.

ஏப்ரல் 26, 2025, சனி

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கயாக்குக்கு இப்போது கவலை கல்லக்கடல். தென்கோடிப் பெருங்கடலில் எழும் நீண்ட அலை காற்றே இல்லாமல் இங்கே வந்து ஏறும். வானம் தெளிவாக இருக்கும், கரையில் மட்டும் அலை திடீரென்று உயரும். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸின் எச்சரிக்கை இருந்தால் அன்று இறங்கவே கூடாது.

சாதாரண அலையிலும் கவிழ்வது பெரும்பாலும் கரையேறும்போதுதான். தூண்டில் கம்புகளைப் படுக்கவைத்துக் கட்டி, துடுப்புக் கயிற்றைக் கழற்றிவிட்டு, பெரிய அலைக்கூட்டம் கடந்ததும் கடைசி அலையின் முதுகில் பின்தொடர வேண்டும். கவிழ்ந்தால் கயாக்கின் கடல்பக்கமே நில்லுங்கள். கரைப்பக்கம் நின்றால் அடுத்த அலை 30 கிலோக் கயாக்கையும் உங்கள் மேலே தூக்கியெறியும்.

ஜூன் 7, 2025, சனி

மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று இங்கே தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் அலை எழும்ப இடமில்லாததால் தண்ணீர் அமைதியாகத் தோன்றும். அரை கிலோமீட்டர் வெளியே போனால்தான் வெண்நுரை. போவது சுகம், திரும்புவதுதான் பாடு. அமைதி நீரில் மணிக்கு 5 கி.மீ. போகிறவர் மணிக்கு 25 கி.மீ. வீசும் எதிர்காற்றில் அதில் பாதிகூட நகரமாட்டார். செப்டம்பர் வரை முதல் துடுப்பு எப்போதும் காற்றுக்கு எதிராக, கரை ஒட்டியே. எட்டு மணிக்குள் மணலில் இருக்க வேண்டும், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும்.

காற்று வெளியே தள்ள ஆரம்பித்தால் கைசோரும்வரை துடுப்புப் போடாமல், ஆழம் எட்டும்போதே நங்கூரத்தை இறக்கிவிட்டு அழைக்கவும்: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கைபேசி நீர்புகாப் பையில், படகில் அல்லாமல் உடம்போடு கட்டியிருக்க வேண்டும்.