சாவு வீட்டுப் பக்கத்தில் பதாகை

2006-இல் ஈராக்கில் இறந்த அமெரிக்க மரைன் வீரர் ஒருவருக்கு மேரிலாந்தில் இறுதிச் சடங்கு. சுமார் 1000 அடி தள்ளி, வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் என்ற சிறு கிறிஸ்தவ சபைக்காரர்கள் கையில் பதாகை: 'வீரர்கள் செத்ததற்குக் கடவுளுக்கு நன்றி'. ஓரினச்சேர்க்கையை நாடு சகிப்பதற்குக் கடவுள் தரும் தண்டனையாம் இந்தச் சாவுகள். சாவு வீட்டில் பகையாளிகூட வாயை மூடிக்கொள்வானே!

இறந்த வீரரின் அப்பா சபை மீது வழக்குப் போட்டார். 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-1 என்று சபை பக்கம் நின்றது. பேசியது பொது விஷயம், நின்றது பொது இடம், அதுவும் போலீஸ் காட்டிய இடத்தில். நீதிபதி அலிட்டோ மட்டும் மறுத்தார்.

வயிறு எரிகிறது. ஆனாலும் தீர்ப்பு சரிதான். புண்படுத்தும் பேச்சு எது என்று அரசு முடிவு செய்ய ஆரம்பித்தால், அடுத்து யார் வாய் அடைபடும்?

தூரமும் நேரமும் வேறு கணக்கு. 2012 சட்டப்படி ராணுவ இறுதிச் சடங்குக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் 300 அடிக்குள் இடையூறு செய்யக் கூடாது. அதில் எனக்குப் புகாரே இல்லை.