பிரஷ் சீக்கிரம் விரிகிறதா? கையைக் கவனியுங்கள்

வீட்டில் இருக்கும் பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்து, முதுகுப்பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். தலையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் நார் எட்டிப் பார்க்கிறதா? வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால், நீங்கள் அழுத்தித் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். இதமாகத் தேய்ப்பவர் கையில் அதே பிரஷ் மூன்று மாதம் தாங்கும்.

பல்லில் படியும் அழுக்கு ஒரு மெல்லிய பிசுபிசுப்புப் படலம்தான். நகத்தால் வழித்தாலே வந்துவிடும். அதை எடுக்கப் பலம் வேண்டியதில்லை, நாரின் நுனி அது இருக்கும் இடத்தைத் தொட்டால் போதும். அழுத்தினால் நார் மடங்கிக்கொள்கிறது. நுனி உரச வேண்டிய இடத்தில் நாரின் பக்கவாட்டு உரசுகிறது. ஈறும் பல்லும் சேரும் இடுக்கில் படலம் அப்படியே தங்கி, எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து காரையாக இறுகிவிடும். அதன்பிறகு அதை எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது, பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

அழுத்தியதன் விளைவை விரலாலேயே பார்க்கலாம். கோரைப்பல்லிலும் அதற்கு அடுத்த இரண்டு பற்களிலும், வெளிப்பக்கம் ஈறை ஒட்டி நகத்தை மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். வெட்டுப்பட்டதுபோல ஒரு பள்ளத்தில் நகம் மாட்டினால் அங்கே பல் தேய்ந்திருக்கிறது. வலக்கைக்காரர்களுக்கு இது பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும், கை அங்கேதான் வேகமாக ஓடுகிறது. ஈறு இறங்கி வெளியே தெரியும் வேரின்மேல் எனாமல் என்ற கெட்டியான மேலுறை கிடையாது. அதனால்தான் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீர் என்று கூசுகிறது. உமிக்கரி, சாம்பல், செங்கல் பொடி எல்லாமே பல்லை அராவும். அவற்றைப் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்ப்பது இன்னும் மோசம்.

கடையில் 'சாஃப்ட்' அல்லது 'எக்ஸ்ட்ரா சாஃப்ட்' என்று போட்டதை மட்டும் எடுங்கள். சாஃப்ட் நாரின் தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர், மீடியம் சுமார் 0.3. வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் நீளம் ஒன்றாக இருந்தால், ஒன்றரை மடங்கு தடித்த நார் வளைய ஐந்து மடங்கு விசை கேட்கும். தலை சிறியதாக இருக்கட்டும், இரண்டு கடைவாய்ப் பற்களை மூடினால் போதும். வளைந்த கைப்பிடி, வண்ண நார், குறுக்கும் நெடுக்குமான வரிசை இவற்றுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

பட்டாணி அளவு பேஸ்ட் போதும். பிரஷ்ஷை முஷ்டியில் இறுக்காமல் பேனா மாதிரி விரல்களால் பிடியுங்கள், அழுத்தம் தானாகக் குறையும். நாரை ஈறை நோக்கி 45 டிகிரி சாய்த்து, பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வையுங்கள். நுனி நகராமல், இருந்த இடத்திலேயே அதிர்வதுபோல பத்துப் பதினைந்து முறை லேசாக ஆட்டுங்கள். பிறகு ஈறிலிருந்து பல்லின் விளிம்பை நோக்கி வழித்து விடுங்கள். இரண்டிரண்டு பல்லாக நகர்ந்தால் வாய் முழுக்க முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். இது அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் சொன்ன முறையை ஒட்டியது.

பலரும் தவறவிடும் இடங்கள் இரண்டு. ஒன்று, மேல்வரிசைக் கடைசிப் பல்லின் கன்னப்பக்கம். வாயை ஆவென்று திறந்தால் தாடை எலும்பு முன்னால் வந்து அந்த இடத்தை அடைத்துவிடும். வாயைப் பாதி மூடி, தாடையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தினால் பிரஷ் சுலபமாக நுழையும். இன்னொன்று, கீழ் முன்பற்களின் உட்பக்கம். நாக்குக்கு அடியில் எச்சில் சுரக்கும் துளை அங்கேயே இருப்பதால் காரை முதலில் பிடிப்பது அங்குதான். பிரஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்தி, தலையின் நுனியால் ஒவ்வொரு பல்லாக மேல்நோக்கி இழுங்கள்.

தேய்த்து முடித்து நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் பேஸ்ட்டில் பல்லைக் காக்கும் ஃபுளோரைடும் கூடவே போய்விடும். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடுவதால் இரவுத் தேய்ப்பை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். எலுமிச்சை ஜூஸோ சோடாவோ குடித்த கையோடு தேய்க்க வேண்டாம், அரை மணி நேரமாவது போகட்டும்.

ஈறில் ரத்தம் வந்தால் பயந்து அந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். படலம் தங்கியதால் வீங்கிய ஈறுதான் பெரும்பாலும் ரத்தம் கசிகிறது, அதற்கு இன்னும் கவனமான தேய்ப்புதான் வேண்டும். இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் நிற்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

தேய்த்ததும் நாரின் அடிவரை தண்ணீர் ஓடும்படி குழாயடியில் கட்டை விரலால் பிரித்துக் கழுவி, உதறி, தலை மேலே இருக்க நிறுத்துங்கள். போர்த் தண்ணீர் வீடுகளில் நாரின் அடியில் வெள்ளையாக உப்பு கட்டும். வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். ஈரத்தோடு மூடி போட்டு அடைக்காதீர்கள், பயணத்தில் மட்டும் மூடி போதும். கொதிநீரில் போட்டால் நார் வளைந்துவிடும். வீட்டில் எல்லார் பிரஷ்ஷும் ஒரே டம்ளரில் தலையோடு தலை உரசி நிற்க வேண்டாம்.

குழந்தைக்கு முதல் பல் முளைத்ததுமே தொடங்குங்கள். மூன்று வயது வரை அரிசி அளவு பேஸ்ட், பிறகு பட்டாணி அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரிபோல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில், குழந்தையின் பேஸ்ட் பற்றிப் பல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு வயது வரையாவது பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். குழந்தையின் பின்னால் நின்று, தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொண்டால் கடைசிப் பல் வரை தெளிவாகத் தெரியும்.