உம் கொட்டும் குரல்கள்

மெல்பர்னில் பல மொழிகளில் ஒலிபரப்பும் ஒரு சமூக வானொலி நிலையத்தில் பதினோரு ஆண்டுகள் தன்னார்வலராக ஒலிப்பதிவுப் பணி செய்தேன். தமிழ் நிகழ்ச்சிக்கு உதவுவதற்காகத்தான் முதலில் அங்கே போனேன். ஆனால் ஒலிகளைக் கலந்து அனுப்பும் கன்சோலை இயக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்ததால், எந்த மொழிக்குழு கூப்பிட்டாலும் போய் உட்காரும் ஆளாக நாளடைவில் மாறிவிட்டேன். 2000-களின் பிற்பகுதியில் ஜப்பானிய மாணவர்கள் சிலருக்கு வாரத்தில் அரை மணி நேரம் கிடைத்தது. அவர்கள் ஓராண்டுப் பரிமாற்றத் திட்டத்தில் இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குப் படிக்க வந்தவர்கள். நகரில் நடக்கும் விழாக்களையும் பண்பாட்டு நிகழ்வுகளையும் நேரில் சென்று பதிவு செய்து, இங்கு வாழும் ஜப்பானியர்களுக்கு ஜப்பானிய மொழியில் வழங்குவது அவர்களுடைய திட்டம். அவர்களுக்கு ஒலிப்பதிவும் தொகுப்பும் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. திரையில் ஓடும் ஒலியலையைப் பார்த்தபடி, பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவர்களையே கேட்டுக் கேட்டுத்தான் வெட்டவும் ஒட்டவும் வேண்டியிருந்தது.

வானொலியை இவர்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று முதல் வாரத்திலேயே கேட்டேன். கோபே நகரிலிருந்து வந்திருந்த மாணவர் சொன்ன பதிலை இன்றும் மறக்கவில்லை. 1995 ஜனவரி 17 அன்று கோபேயைக் குலுக்கிய நிலநடுக்கத்தின்போது அவர் பள்ளிச் சிறுவர். கொரியர்களும் வியட்நாமியர்களும் நெருங்கி வாழ்ந்த நகாத்தா பகுதியில், தண்ணீர் எங்கே கிடைக்கும், தங்குமிடம் எங்கே இருக்கிறது என்ற செய்திகள் ஜப்பானிய மொழி சரியாகத் தெரியாதவர்களைச் சென்றடையவில்லை. அந்தக் குறையைப் போக்க அங்கேயே கொரிய மொழியிலும் வியட்நாமிய மொழியிலும் சிறிய வானொலிகள் தொடங்கின. பின்னர் அவை ஒன்றாகி எஃப்எம் வாய்வாய் என்ற பன்மொழி நிலையமாயின. ஆஸ்திரேலியாவில் பன்மொழி வானொலி பிறந்த கதையும் இதற்குத் தொலைவானதன்று. 1975-இல் மெடிபேங்க் என்ற புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் குடியேறிகளுக்கு அவர்களுடைய மொழிகளில் விளக்குவதற்காகவே சிட்னியிலும் மெல்பர்னிலும் அத்தகைய நிலையங்களை அரசு தொடங்கியது. இதை அந்த மாணவரிடம் சொன்னபோது, தம் குறிப்பேட்டை எடுத்து ஆண்டையும் பெயரையும் எழுதிக்கொண்டார். தம் ஊரில் மொழி தெரியாத அந்நியர்களுக்காக எழுந்த வானொலியைப் பார்த்து வளர்ந்தவர், இங்கே தாமே அந்நியராக மைக்கின் முன் வந்து அமர்ந்திருந்தார்.

அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது மூம்பா விழா. 1955 முதல் மார்ச் மாதத் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி நடக்கும் இவ்விழாவில், பறவை மனிதர் போட்டி என்று ஒன்று உண்டு. வீட்டில் செய்த இறக்கைகளைக் கட்டிக்கொண்டு யாரா ஆற்றின் மேலுள்ள மேடையிலிருந்து ஆட்கள் குதிப்பார்கள். மாணவர்களுக்கு இது உடனே பிடிபட்டது. ஏனென்றால் ஜப்பானின் பிவா ஏரியில் 1977 முதல் இதே வகைப் போட்டி நடந்துவருகிறது. அங்கே பத்து மீட்டர் உயர மேடையிலிருந்து, காலால் மிதித்து இயக்கும் மெல்லிய விமானங்களில் பல கிலோமீட்டர் பறப்பவர்கள் இருக்கிறார்கள். “பிவாவில் விழாமல் இருப்பதற்காகக் குதிக்கிறார்கள், யாராவில் விழுவதற்காகவே குதிக்கிறார்கள்” என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். கேட்பவர் எந்த ஊரார், அவருக்கு ஏற்கெனவே எது தெரியும் என்பதை அறிந்து எழுதிய வாக்கியம் அது. வானொலிக்கு எழுத வருபவர்கள் பல மாதங்கள் கழித்துக் கற்றுக்கொள்வதை அவர் இரண்டாம் வாரத்திலேயே செய்துவிட்டார்.

அதே எழுத்துப்படியில் ஒரு பிழையும் இருந்தது. ‘மூம்பா’ என்பதற்குப் பழங்குடி மொழியில் ‘ஒன்றுகூடி மகிழ்வோம்’ என்று பொருள் என எழுதியிருந்தார்கள். இங்கே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் பொருள் அதுதான். ஆனால் விக்டோரியாவின் பழங்குடி மொழிகளை ஆராய்ந்த மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை; அச்சொல்லின் முதற்பகுதி உடலின் பின்புறத்தைக் குறிப்பது என்கிறார்கள். இதை விளக்கியபோது மாணவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. பிறருடைய மொழியைப் பற்றித் தவறாகச் சொல்லவிருந்தோமே என்று வருந்தி, அந்தப் பத்தியை மூன்று முறை திருத்தி எழுதினார்கள். அவர்களிடம் நான் மதித்த பண்பு இது.

எங்களுக்கு உண்மையான இடர் வந்தது தொகுப்பு அறையில்தான். விழாவுக்கு வந்திருந்த ஒரு ஜப்பானியக் குடும்பத்தைப் பேட்டி கண்டு கொண்டுவந்திருந்தார்கள். அந்தத் தாய் பேசும் ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும், பேட்டி எடுத்தவரின் “ஹாய்”, “ஏ”, “உன்” என்று ஆமோதிக்கும் குரல் ஏறிக் கிடந்தது. ஒரு சொல்லை வெட்டினால் இன்னொன்றின் வால் அறுந்தது. ஏன் இப்படி இடைவிடாமல் குரல் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்கு ஐஸுச்சி என்று பெயர் என்றார்கள். கொல்லர் பட்டறையில் ஆசான் ஒரு முறை சம்மட்டியால் அடித்ததும் உதவியாளர் மாற்றி அடிக்கும் அடிக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு, பேசுபவருக்கு ஈடாகக் கேட்பவர் கொடுக்கும் குரலுக்கு ஆகிவந்ததாம். நம்மிடம் கதை கேட்கும்போது உம் கொட்டுவது போலத்தான் இது. அவர்களுடைய “உன்” காதில் விழும்போது நம் “உம்” போலவே இருந்தது. ஆனாலும் தொழில் தொழில்தான் என்று நினைத்தேன். பேட்டியின்போது வாயைத் திறக்காதீர்கள், தலையை மட்டும் அசையுங்கள், கண்ணால் பதில் சொல்லுங்கள் என்று விதி போட்டேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். நான்கைந்து வாரங்களில் மாணவர்களின் பதிவுகள் தெளிந்த நீர் போல ஆகிவிட்டன. எனக்குப் பெருமையாக இருந்தது.

மூம்பா நிகழ்ச்சி ஒலிபரப்பான அன்று ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் எண்பது வயதை நெருங்கிய ஜப்பானிய அம்மையார். போருக்குப் பின் ஜப்பானில் நிலைகொண்டிருந்த ஆஸ்திரேலியப் படையினர் ஹிரோஷிமாவுக்கு அருகிலுள்ள குரே துறைமுகத்தில் தங்கியிருந்தார்கள். அவர்கள் மணந்த ஜப்பானியப் பெண்களை அழைத்துவர 1952 வரை இந்நாடு அனுமதிக்கவில்லை. அவ்வாண்டு குடியேற்ற அமைச்சர் ஹரோல்ட் ஹோல்ட் தடையைத் தளர்த்திய பிறகு, ஏறத்தாழ 650 பெண்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். அழைத்தவர் அவர்களில் ஒருவர். நிகழ்ச்சியில் பாதி தமக்குப் புரியவில்லை என்றார். பேச்சு வேகமாக இருந்தது. இடையிடையே வந்த ஆங்கிலச் சொற்கள், தாம் புறப்பட்ட காலத்து ஜப்பானிய மொழியில் இல்லாதவை. தம்மைப் போன்ற மாணவர்களே கேட்பார்கள் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. ஜப்பானில் செய்தி வாசிப்பவர்களுக்கு நிமிடத்துக்கு 300 எழுத்துகள் என்பது பொதுவான அளவு. எங்கள் எழுத்துப்படிகள் அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த வாரத்திலிருந்து அவர்கள் தம் பிரதியை அந்த அம்மையாருக்காக எண்ணி எண்ணிக் குறைத்தார்கள்.

ஏப்ரல் வந்தது. ஹொக்கைடோவிலிருந்து வந்திருந்த மாணவி ஒருவர், அன்ஸாக் நாளைப் பற்றி நிகழ்ச்சி செய்யலாமா என்று தயங்கியபடி கேட்டார். 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கல்லிப்போலியில் இறங்கிய ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரின் நினைவாகத் தொடங்கிய நாள் என்றாலும், இன்று அது எல்லாப் போர்களின் நினைவுநாளும்கூட. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆஸ்திரேலியர் ஏறத்தாழ 22,000 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் திரும்பவில்லை. மற்ற மாணவர்கள் வேண்டாம் என்றார்கள். என்னுடைய தயக்கத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. நான் மலேசியாவில் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். என் பாட்டியின் அண்ணனை 1943-இல் ஜப்பானியப் படையினர் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மரண ரயில் பாதையில் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரமாயிரமாய் மாண்டார்கள், அவரும் வரவில்லை. இந்தக் கதையைப் பாட்டி இருட்டில் படுத்தபடி சொல்வார். நான் உம் கொட்டுவதை நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார், “தூங்கிட்டியா?” என்பார்.

அந்த மாணவியிடம் இதைச் சொன்னேன். அவரைத் தடுப்பதற்காகச் சொல்லவில்லை. எந்த இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்து போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “போகிறேன்” என்றார்.

விடியுமுன் நினைவாலயத்தின் முன் கூடியிருந்த பெருங்கூட்டத்தில் அவர் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எக்காளம் முழங்கி ஓய்ந்தபின் வந்த மௌனத்தை முழுமையாகப் பதிந்திருந்தார். பறவைகளின் குரல், தொலைவில் ஒருவரின் இருமல், ஒரு குழந்தையின் முனகல் ஆகியவை மட்டுமே அதில் இருந்தன. அதைச் சுருக்காமல் ஒலிபரப்ப வேண்டும் என்றார். எங்கள் நிலையத்தில் ஒலி மிகவும் தாழ்ந்து அரை நிமிடம் நீடித்தால், கோளாறு என்று கருதித் தானாகவே பாட்டுக்கு மாற்றிவிடும் அமைப்பு ஒன்று இருந்தது. ஆகவே மௌனம் ஓடும்போது ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை மெல்ல உயர்த்தி, பறவைகளின் குரலை அந்தக் கருவியின் காதுக்கு எட்டும் அளவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பணிக்காலத்தில் நான் மிகுந்த கவனத்துடன் ஒலிபரப்பியது அந்த ஒரு நிமிடத்தைத்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் குரே அம்மையார் மறுபடி அழைத்தார். தம் கணவர் ஆண்டுதோறும் அந்த ஊர்வலத்துக்குப் போவார் என்றும், அவருடைய கோட்டுக்கு இஸ்திரி போட்டுப் பதக்கங்களைத் துடைத்துக் கொடுத்துவிட்டுத் தாம் வீட்டிலேயே இருந்துவிடுவது வழக்கம் என்றும் சொன்னார். உங்கள் பேச்சைப் பதிவு செய்ய வரலாமா என்று மாணவி கேட்டார். இரண்டு வாரம் யோசித்துவிட்டு அவர் இசைந்தார்.

அந்தப் பதிவைத் தொகுப்பு அறையில் இருவரும் கேட்டோம். முதல் ஏழு நிமிடம் அம்மையாரின் குரல் மட்டும் சுத்தமாகக் கேட்கிறது. மாணவி என் விதியைக் காப்பாற்றியிருக்கிறார். ஆனால் அந்தக் குரல் வரவரத் தேய்கிறது. வாக்கியங்கள் குறுகுகின்றன. பிறகு ஓர் இடைவெளி. அதன்பின் அம்மையார் ஏதோ கேட்கிறார். “என்ன கேட்கிறார்?” என்றேன். “கேட்டுக்கொண்டிருக்கிறாயா என்று தம் ஊர் வழக்கில் கேட்கிறார்” என்றார் மாணவி. அடுத்து வருவது மாணவியின் “ஹாய்”. அதன் பிறகு அவர் விதியைக் கைவிட்டுவிட்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “உன்”, “ஏ” என்று குரல் கொடுக்கிறார். அம்மையாரின் பேச்சு மடை திறந்தாற்போல வருகிறது. கணவரின் தாய் முதல் மூன்று ஆண்டுகள் தம்மோடு பேசாதது, சோயா சாஸ் கிடைக்காத ஊரில் முதல் புத்தாண்டு, பள்ளியில் மகனை மற்றப் பிள்ளைகள் கூப்பிட்ட பெயர் ஆகியவை எல்லாம் அந்த “உன்”களுக்கு நடுவில்தான் வந்திருந்தன.

பழக்கத்தின் காரணமாக நான் முதலில் அந்தக் குரல்களை வெட்டத் தொடங்கினேன். முடிந்த அளவு நீக்கிவிட்டு ஓட்டிக் கேட்டபோது, யாரும் இல்லாத அறையில் ஒரு முதியவர் தமக்குத் தாமே பேசிக்கொண்டிருப்பது போல இருந்தது. பாட்டியின் “தூங்கிட்டியா?” என் நினைவுக்கு வந்தது. நீக்கியவை அனைத்தையும் திரும்பச் சேர்த்தேன். நாற்பது நிமிடப் பதிவிலிருந்து பன்னிரண்டு நிமிடங்களைத் தேர்ந்தெடுத்து, மாணவியின் ஒவ்வொரு குரலும் அப்படியே இருக்க ஒலிபரப்பினோம். அடுத்த அணிக்கு நான் அந்த விதியைச் சொல்லவில்லை; பேசுபவர் யார் என்று பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வெட்டாத நாற்பது நிமிடத்தையும் ஒரு வட்டில் ஏற்றி அந்த அம்மையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மாணவி ஜூலையில் ஊர் திரும்பினார்.