ஈர்ப்பைத் தடுத்தது எது: அண்டவியல் தாளுக்கு நான் படித்த விதம்

முதுநிலை இயற்பியலில் அண்டவியலை விருப்பத் தாளாக எடுத்திருந்தேன். முடிவுகள் வந்துவிட்டன, எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண். பல மாதங்களாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய நிம்மதியில், படித்தது எல்லாம் இன்னும் சூடாக இருக்கும்போதே இதை எழுதிவிட நினைக்கிறேன். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும் என்பதால் அதை விட்டுவிட்டு, கேலக்ஸிகளும் அண்டத்தின் பெருங்கட்டமைப்பும் உருவான விதத்தைப் பற்றிய அலகை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பலர் பயந்து ஒதுக்கும் அலகு இது. என் மதிப்பெண்ணைத் தூக்கி நிறுத்தியதும் இதுதான்.

அலகு முழுவதற்கும் நான் கையாண்ட உத்தி ஒன்றே. எந்த வினாவைப் பார்த்தாலும், அந்தக் காலகட்டத்தில் ஈர்ப்பை எதிர்த்து நின்றது எது, அது எப்போது விலகியது என்று முதலில் கேட்டுக்கொள்வேன். ஈர்ப்பு எல்லாக் காலத்திலும் ஒரே வேலையைச் செய்கிறது: சற்றே அடர்ந்த இடத்தை மேலும் அடர்த்தியாக்குகிறது. மாறிக்கொண்டே வருவது அதற்கான தடை. கதிர்வீச்சு ஓங்கியிருந்த காலத்தில் விரிவின் வேகம், அயனி வாயுவில் ஒளியின் அழுத்தம், பின்னர் வாயுவின் சொந்த வெப்பம், முதல் விண்மீன்களின் புற ஊதாக் கதிர், கடைசியாக அண்ட விரிவை முடுக்கும் இருண்ட ஆற்றல் என்று அந்தத் தடைகள் வரிசையாக வருகின்றன. விடைத்தாளின் ஓரத்தில் ஒரு காலக்கோடு வரைந்து இந்த வரிசையைக் குறித்துக்கொண்ட பிறகே எழுதத் தொடங்குங்கள். அதற்குச் செலவாகும் நேரம் வீண் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இந்தக் கேள்வியின் வலிமை முழுமையாக வெளிப்படும் இடம், இருண்ட பொருள் (ஒளியோடு ஊடாடாத, ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) ஏன் தேவை என்ற நீள்வினா. பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்து, வெப்பநிலை 3000 கெல்வின் அளவுக்கு இறங்கியபோது எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் சேர்ந்து ஹைட்ரஜன் அணுக்களாயின; ஒளி விடுபட்டது. அந்த ஒளியில் கோபி செயற்கைக்கோள் கண்டு 1992-இல் அறிவிக்கப்பட்ட வெப்பநிலை ஏற்றத்தாழ்வு லட்சத்தில் ஒரு பங்கு அளவே. பேரியான்களின், அதாவது புரோட்டான், நியூட்ரான் போன்ற சாதாரணப் பொருளின், அடர்த்தி ஏற்றத்தாழ்வை அதைப் போல மும்மடங்கு என்று கொள்ளலாம். பருப்பொருள் ஓங்கிய காலத்தில் ஏற்றத்தாழ்வு, அண்டம் எத்தனை மடங்கு விரிந்தது என்பதைச் சொல்லும் அளவுக் காரணிக்கு நேர்விகிதத்தில் வளரும். அன்று முதல் இன்றுவரை அண்டம் விரிந்திருப்பது ஏறத்தாழ 1100 மடங்கு. பெருக்கினால் நூற்றுக்கு மூன்று (0.03) என்ற அளவுதான் வருகிறது. ஆனால் ஒரு பகுதி விரிவிலிருந்து பிரிந்து தன்னுள் சரிய வேண்டுமானால், நேரியல் கணக்கில் அந்த எண் 1.686-ஐ எட்ட வேண்டும். பேரியான்கள் மட்டும் இருந்திருந்தால் இன்று ஒரு கேலக்ஸிகூட உருவாகியிருக்காது. இந்தக் கணக்கை எண்களோடு போட்டுக் காட்டுங்கள். பக்கம் பக்கமான விளக்கத்தைவிட இதற்கே மதிப்பெண் விழுகிறது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த படி, தடை யாருக்கு இருந்தது என்று பார்ப்பது. பேரியான்களை ஒளி பிடித்து வைத்திருந்தது. அந்தக் கலவையில் ஒலியின் வேகம் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல் என்பதால், ஜீன்ஸ் நீளம் (அழுத்தத்தை மீறி ஈர்ப்பு சரிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) அடிவான எல்லைக்கு, அதாவது அதுவரை ஒளி கடந்திருக்கக்கூடிய தொலைவுக்கு, இணையாக இருந்தது. இருண்ட பொருளை ஒளி தொடவில்லை. அதனால் அது கதிர்வீச்சும் பருப்பொருளும் சமமான தருணத்திலிருந்தே தடையின்றி வளர்ந்து ஈர்ப்புப் பள்ளங்களைத் தோண்டி வைத்திருந்தது; விடுபட்ட பேரியான்கள் அவற்றில் போய் விழுந்தன. அப்படியானால் அதற்கும் முன்பே ஏன் வளரவில்லை என்பது துணை வினாவாக வரும். கதிர்வீச்சு நடத்திய விரிவு, சரிவைவிட வேகமாக இருந்தது. 1974-இல் மெசாரோஸ் காட்டியது இதைத்தான். எந்த அளவில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு உள்ளது என்று காட்டும் பவர் ஸ்பெக்ட்ரம் ஓர் இடத்தில் உச்சம் தொட்டுச் சிற்றளவுகளை நோக்கிச் சரிவதற்கும் காரணம் இதுவே: கதிர்வீச்சும் பருப்பொருளும் சமமான அந்தச் சமநிலைக்கு முன்பே அடிவானத்துக்குள் வந்த சிறு அலைநீளங்களின் வளர்ச்சி தேங்கிப்போனது. இந்த வரைபடத்தை அச்சுகளோடு வரையப் பழகுங்கள்.

நெட்டுருப் போட வேண்டியவை இவ்வளவுதான்:

- சமநிலை: செம்பெயர்ச்சி (அண்ட விரிவால் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவு; எண் பெரிதானால் காலம் முந்தையது) 3400, சுமார் 50,000 ஆண்டுகள்.
- ஒளி விடுபட்டது: செம்பெயர்ச்சி 1100. அதே ஒளி இன்று 2.725 கெல்வின்.
- முதல் விண்மீன்கள்: செம்பெயர்ச்சி 20 முதல் 30 வரை, 10 முதல் 20 கோடி ஆண்டுகள்.
- மறு அயனியாக்கம் (முதல் விண்மீன்களின் புற ஊதாக் கதிர் ஹைட்ரஜனை மீண்டும் அயனியாக்கியது) முடிவது: செம்பெயர்ச்சி 6-ஐ ஒட்டி.
- நிலைபெற்ற ஹேலோவின் (சரிந்து திரண்ட இருண்ட பொருள் திரளின்) அடர்த்தி: சராசரியைப் போல ஏறக்குறைய 200 மடங்கு.
- ஒளியும் பேரியான்களும் கலந்திருந்தபோது எழுந்த ஒலி அலைகள் விட்டுச்சென்ற தடம்: சுமார் 150 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு), கேலக்ஸிக் கணக்கெடுப்புகளில் 2005-இல் தெரிந்தது.

வெப்ப, குளிர் இருண்ட பொருள் வேறுபாட்டுக்கு இரண்டு பத்தி போதும். நியூட்ரினோ போல வேகமாக ஓடும் துகள்கள் சிற்றமைப்புகளை அழித்துவிடும் என்பதால் பெரியவை முதலில் தோன்றிப் பின் உடைய வேண்டும். உண்மையில் சிறியவை முதலில் தோன்றி இணைந்து பெரியவை ஆயின. அதற்கு மேல் எழுத ஆசைப்படாதீர்கள்.

பலரும் ஹேலோ உருவானதோடு நிறுத்திவிடுகிறார்கள். கேலக்ஸி அதன் பிறகுதான் பிறக்கிறது. ஹேலோவுக்குள் விழுந்த வாயு மோதிச் சூடாகிறது. அந்த வெப்பமே அடுத்த தடை. வெப்பத்தை வெளியேற்ற முடிந்தால்தான் வாயு மையத்தில் இறங்கி விண்மீனாகும். ரீஸும் ஆஸ்ட்ரைக்கரும் 1977-இல், குளிரும் காலத்தையும் சரியும் காலத்தையும் ஒப்பிட்டதும், மறு ஆண்டு வைட்டும் ரீஸும் அதை இருண்ட ஹேலோவுக்குள் வைத்துப் பார்த்ததும் இந்த அலகின் மிக அழகான பகுதி. கேலக்ஸிக் கொத்துகளில் வாயு 1 கோடி கெல்வினுக்கும் மேல் கொதிக்கிறது. அதன் பெரும்பகுதி குளிர அண்டத்தின் வயதே போதாது. அதனால் ஒரு கொத்து முழுவதும் ஒரே பெரிய கேலக்ஸியாகிவிடவில்லை. மறுமுனையில், சூரியனைப் போல 10 லட்சம் மடங்கு நிறையுள்ள சிறு ஹேலோக்களில் வெப்பநிலை 10,000 கெல்வினைத் தொடாததால் ஹைட்ரஜன் அணுக்களால் குளிர்விக்க இயலாது; எஞ்சிய சில எலெக்ட்ரான்களின் துணையால் உண்டான ஹைட்ரஜன் மூலக்கூறுகளே அந்த வேலையைச் செய்தன. இந்த இரு முனைகளையும் சேர்த்து எழுதிய விடைதான் எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது.

படிக்கும் முறை பற்றிக் கேட்டால், தனியாக உட்கார்ந்து கையால் எழுதிப் பாருங்கள் என்பேன். காணொளி விரிவுரைகளும் கூட்டுப் படிப்பும் எனக்கு ஒட்டவில்லை. அடர்த்தி ஏற்றத்தாழ்வின் வளர்ச்சிச் சமன்பாட்டைத் தாளைப் பார்க்காமல் தொடக்கத்திலிருந்து வருவிக்கும் வரை அடுத்த தலைப்புக்குப் போகாதீர்கள்.

வாய்மொழித் தேர்வில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பற்றிய வினா நிச்சயம் உண்டு. செம்பெயர்ச்சி 14-ஐ ஒட்டிய, பெருவெடிப்புக்குப் பின் சுமார் 30 கோடி ஆண்டுகளில் ஒளிர்ந்த கேலக்ஸி 2024-இல் அறிவிக்கப்பட்டதைச் சொல்லி, இவ்வளவு விரைவில் அது எப்படி வந்தது என்று கேட்டார்கள். அண்டவியல் மாதிரியே உடைந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள். ஹேலோக்கள் உருவாகும் கணக்கை அது குலைக்கவில்லை. அவற்றுக்குள் வாயு எவ்வளவு திறமையாக விண்மீனாக மாறியது, விண்மீன்களின் கதிர்வீச்சும் வெடிப்பும் வாயுவுக்குத் திருப்பித் தரும் ஆற்றல் அதை எந்த அளவுக்குத் தடுத்தது என்பதே விவாதம் என்றேன். அதே கேலக்ஸியில் ஆக்சிஜனும் தெரிந்ததே, அதற்கு நேரம் ஏது என்று தொடர்ந்தார்கள். ஆக்சிஜனைச் சமைக்கும் பெரிய விண்மீன்களின் ஆயுள் சில பத்து லட்சம் ஆண்டுகளே என்பதால், பத்து கோடி ஆண்டுகளில் அப்படிப் பல தலைமுறைகள் பிறந்து வெடித்து முடிந்திருக்கலாம் என்று கரும்பலகையில் காலக்கோட்டை வரைந்து காட்டினேன். அடுத்த வினா வேறு அலகிலிருந்து வந்தது.