"வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?"

தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு மெடிக்கலில் 9 வருடமாக கவுன்டரில் நிற்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம்.

போன மழைக்காலத்தில் ஒரு அண்ணாச்சி, சிறுநீர்த் தொற்றுக்கு எழுதிய சிப்ரோஃப்ளாக்சசின் 500 வாங்கிப் போனார். வயிற்றைப் புரட்டுகிறது என்று அன்று சாயங்காலமே வந்து நின்றார், நானும் யோசிக்காமல் வயிற்று அமிலத்தைத் தணிக்கும் ஒரு ஆன்டாசிட் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். நாலாம் நாள் எரிச்சல் குறையவே இல்லை என்று வந்து, "டூப்ளிகேட் மருந்தாப்பா விக்கிற?" என்று வாசலிலேயே கத்தினார். எனக்கும் கோபம். அட்டையையும் பேட்ச் நம்பரையும் காட்டி வாதாடிக்கொண்டிருந்தவன், எப்படிச் சாப்பிடுறீங்க என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: ஒவ்வொரு மாத்திரையையும் தண்ணிக்குப் பதில் அந்த ஆன்டாசிட்டில்தான் விழுங்கியிருக்கிறார்.

அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் இந்த மருந்தைக் குடலிலேயே பிடித்துக் கட்டிவிடும். 90 சதவீதம் வரை ரத்தத்துக்குப் போகாமலே வீணாகலாம். சிப்ரோஃப்ளாக்சசின் சேர்ந்த ஃப்ளோரோகுவினோலோன் என்ற ஆன்டிபயாடிக் வகை முழுக்க இந்தத் தொல்லை உண்டு, கால்சியம், இரும்பு, ஜிங்க் மாத்திரைகளும் அதே வேலையைத்தான் செய்யும். சிப்ரோ என்றால் இவற்றுக்கு 2 மணி நேரம் முன்னால், இல்லையென்றால் 6 மணி நேரம் கழித்து. டி.பார்ம் பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான்.

டாக்டருக்கு நானே போன் செய்தேன், மறுபடி பார்த்து மருந்து கொடுத்தார், சரியாகிவிட்டது. தப்பு என்னுடையது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன், ஆனால் ரெண்டு வாரம் கழித்து, கல்லாவில் முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்து.

வேற மருந்து சாப்பிடுறீங்களா என்று கேட்டால் நம் ஜனங்கள் ஒண்ணுமில்லை என்பார்கள். பொய் இல்லை, வாயு மருந்தும் சத்து மாத்திரையும் அவர்கள் கணக்கில் மருந்தே கிடையாது. அதனால் இப்போது ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்: வாயுக்கு? சத்துக்கு? சுகருக்கு? முதுகு வலிக்கு?

முதுகு வலிக்கு என்றதும், சிப்ரோ வாங்க வந்த ஒரு அக்கா பையிலிருந்து, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் டிசானிடின் கலந்த வலி மாத்திரையை எடுத்துக் காட்டினார், அது வேறு டாக்டர் எழுதியது. அந்த டிசானிடினைச் சிதைக்கும் ஈரல் நொதியைச் சிப்ரோ தடுத்துவிடும், பிரஷர் சடாரென்று விழும், ரெண்டையும் சேர்க்கவே கூடாது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கக்கா என்றேன். "ஆயிரம் கேள்வி கேக்குற கடை" என்று அலுத்துக்கொண்டு நேராக எதிர்க்கடைக்குப் போனார். முதலாளி என்னை முறைத்தார். எதிர்க்கடைப் பையன் நம்பர் என்னிடம் இருந்தது, போன் போட்டுச் சொன்னேன். சிரித்தான், ஆனால் கொடுக்கவில்லை.