டேங்கரில் மூவாயிரம் லிட்டர்

ஆஸ்திரேலியக் கிராமப்புறத்தில் காட்டுத்தீக்கு வந்து நிற்கும் வண்டியில் இருப்பவர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்ல. பக்கத்துப் பண்ணைக்காரர், டீச்சர், மெக்கானிக் என்று ஊர்க்காரர்கள்தான். இந்தத் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு நியூ சவுத் வேல்ஸில் ஆர்.எஃப்.எஸ்., விக்டோரியாவில் சி.எஃப்.ஏ. என்று பெயர் மாறும்; வேலை ஒன்றுதான். பெரிய டேங்கரில் சுமார் 3,000 லிட்டர் தண்ணீர் இருக்கும்.

கேட்க நிறைய மாதிரி இருக்கும். 38 மில்லிமீட்டர் ஹோஸில் நிமிடத்துக்கு 230 லிட்டர் அடித்தால் 13 நிமிடத்தில் காலி. அதற்குப் பிறகு அது விலை உயர்ந்த வெறும் லாரி.

அதனால் புதிதாகச் சேருபவருக்கு முதலில் பழக வேண்டியது சிக்கனம். நாசிலைத் திற, அடி, மூடு. சுவாலையின் உச்சியில் அடிப்பது வீண். எரியும் புல்லின் அடியில் அடிக்க வேண்டும். தீயின் வால் பக்கத்தில் தொடங்கி, ஏற்கெனவே எரிந்து கருகிய தரையில் நின்றபடி, பக்கவாட்டில் அணைத்துக்கொண்டே அதன் முனையை நோக்கிப் போவார்கள். காய்ந்த புல்லைக் காலடியில் வைத்துக்கொண்டு தீக்கு எதிரே போய் நிற்பவன் தானும் அதற்கு விறகுதான். தீ கக்கும் வெப்பம் தீமுனையின் ஒரு மீட்டருக்கு 4,000 கிலோவாட்டைத் தாண்டிவிட்டால் ஹோஸ் பிடித்து எதிர்த்து நிற்பது பலிக்காது. அப்போது புல்டோசரால் மண் தெரியக் கோடு கிழித்து, தீ வந்து சேருமுன் நடுவில் இருப்பதை எரித்துவிட அதிலிருந்து எதிர்த்தீ வைப்பார்கள். எரியும் எண்ணெயைச் சொட்டி அந்தத் தீயை வைக்கும் டார்ச்சில் மூன்று பங்கு டீசல், ஒரு பங்கு பெட்ரோல். பெட்ரோல் கூடினால் குபீரென்று பிடித்து வைப்பவன் மேலேயே பாயும்; குறைந்தால் பற்றவே பற்றாது.

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் காற்று திரும்பும் அந்த நேரம். பகல் முழுக்க வடமேற்கிலிருந்து வெப்பக்காற்று வீசி, தீயைத் தென்கிழக்கே நீண்ட நாக்கு போல இழுத்துக்கொண்டு போகும். முனை குறுகலாக இருக்கும். பக்கவாட்டு பல கிலோமீட்டர் நீளம். பிறகு குளிர்ந்த காற்று தென்மேற்கிலிருந்து வந்து இறங்கும். ‘அப்பாடா, சில்லென்று ஆகிவிட்டது’ என்று நினைக்கிற அந்த நேரத்தில், நாக்கின் கிழக்குப் பக்கம் முழுவதும் ஒரே முன்வரிசையாக மாறிப் புறப்படும். 1998 டிசம்பர் 2 அன்று விக்டோரியாவின் லிண்டனில் ஒரு டேங்கரில் இருந்த ஐந்து தன்னார்வலர்கள் இப்படித் திரும்பிய தீயில்தான் இறந்தார்கள். டேங்கில் கடைசிப் பங்கு தண்ணீர் தீக்கு அல்ல, வண்டியில் இருப்பவர்களுக்கு என்ற விதி எவ்வளவு உயிர்நாடியானது என்பதை எல்லோருக்கும் உணர்த்தியது அந்த நாள். தீ சூழ்ந்தால் எரிந்த தரையிலோ மண் தரையிலோ வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, வெப்பத்திரையை இறக்கி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிய வேண்டும். கேபினைச் சுற்றி நீர் தெளிக்கும் குழாய்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் தண்ணீர் வேண்டும். அதற்குத்தான் அந்த மிச்சம்.

மெல்பர்ன், சிட்னி ஓரங்களில் ஏக்கர் கணக்கில் நிலம் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் வாயை. விக்டோரியாவில் டேங்கர் மாட்டிக்கொள்ள 64 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 3 மரை கொண்ட வெளிமரைக் கப்ளிங் வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 65 மில்லிமீட்டர் ஸ்டோர்ஸ் (Storz) வகைக் கப்ளிங். கப்ளிங் பொருந்தாவிட்டால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் டேங்கர் ஒன்றும் எடுக்க முடியாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பிளாஸ்டிக் தொட்டி தண்ணீர் நிற்கும் மட்டம் வரை உருகும். அதற்குக் கீழே தண்ணீரே அதைக் காப்பாற்றும். ஆனால் தரைக்கு மேலே ஓடும் பி.வி.சி. குழாய் உருகிவிட்டால் முழுத் தொட்டியும் மண்ணுக்குத்தான். குழாய் இரும்பாக இருக்கட்டும், இல்லையென்றால் ஓர் அடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

தீ நெருங்கும்போது கரண்ட் முதலில் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்மோட்டாரை நம்பிக் கூரையில் ஸ்பிரிங்க்ளர் போட்டவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எஞ்சின் பம்ப்தான் வேண்டும், முடிந்தால் டீசல்: கடும் வெப்பத்தில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி எஞ்சின் அணைந்துவிடும். பெட்ரோல் பம்ப்தான் இருக்கிறது என்றால் அதைச் சுற்றி செங்கல்லோ தகரமோ வைத்து மறையுங்கள், காற்றுக்கு வழி விட்டு. மற்றபடி நம் ஊர்க் கிணற்றில் ஆயில் எஞ்சின் ஓட்டியவருக்கு இதெல்லாம் புதிதல்ல. குழாயின் அடிவாயில் இருக்கும் புட்வால் (வால்வு) கசிந்தால் தண்ணீர் இறங்கிவிடும். உறிஞ்சு குழாயின் ஒரு வாஷர் தேய்ந்திருந்தால் காற்று பிடித்து, பம்ப் கத்துமே தவிர ஏற்றாது. பல மாதம் கிடந்த பெட்ரோலில் ஸ்டார்ட்டும் ஆகாது. மாதம் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு மந்திரம் இல்லை.

வீடுகள் பெரும்பாலும் எரிவது தீச்சுவரால் அல்ல, பறந்து வரும் நெருப்புப் பொறியால். கூரைக்கால்வாயில் காய்ந்த இலை, மரத்தளத்தின் அடியில் குப்பை, வலையில்லாத காற்றுத்துளை போதும். வலைக்கண் 2 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, உலோகமாக இருக்க வேண்டும். இலையை அள்ளிவிட்டு, இறங்குகுழாயை டென்னிஸ் பந்தால் அடைத்து, கால்வாயில் தண்ணீர் நிரப்பலாம். பொறி உள்ளே விழுந்து, தீ கடந்து சில மணி நேரம் கழித்துப் பற்றுவதும் உண்டு.

டேங்கரின் தண்ணீரும் ஆட்களின் பொறுமையும் தீர்வது பெரும்பாலும் தீயை அடக்கிய பிறகான வேலையில். கங்கு தேடல். ஒரு பக்கம் பல்லும் மறுபக்கம் வெட்டும் தகடும் கொண்ட ரேக்ஹோவால் மண்ணைக் கிளறி, புறங்கையை நெருக்கமாகக் காட்டிச் சூடு பார்த்து, நுரை கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார்கள். 3,000 லிட்டருக்கு 9 லிட்டர் நுரைத்திரவம் என்றால் 0.3 சதவீதம், தண்ணீர் வழிந்தோடாமல் கட்டைக்குள் இறங்கும். பூமிக்கடியில் வேர் வழியாகத் தீ நாள்கணக்கில் ஊர்ந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் தலை நீட்டும். உள்ளே எரிந்து கூடான மரம் சத்தமே இல்லாமல் விழும். அதனால் ஒருவர் வேலை செய்யும்போது இன்னொருவர் மேலே பார்த்துக்கொண்டே நிற்பார்.

இருட்டிய பிறகு ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் ஹோஸைச் சுருட்டி, டீசல் போட்டு, டேங்கை விளிம்பு வரை நிரப்பிய பிறகுதான் ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள்.